செருப்புத் தைத்தவரின் மக்கள்

போலந்தில் கிராஸ்னோசீல்ட்ஸ் என்பது ஒரு சிற்றூர். அது உருசியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த நாளில், பெஞ்சமின் என்னும் யூதர் அங்கிருந்து அமெரிக்கா சென்றார். தொழில், காலணி தைத்தல். வறுமையும், யூதர் மீது நிகழ்ந்த கொடுமைகளும் அந்நாளில் எண்ணற்றோரைக் கடல் கடக்கச் செய்தன. நம்மைப் போல் மாற்றலாணையும் பயணப்படியும் பெற்றுப் புறப்பட்டவரல்லர் அவர். மனைவி பேர்லும் மக்களும் பின்னரே வந்து சேர்ந்தனர்.

பால்டிமோரில் ஊன்றிய கால் நிலைக்கவில்லை. 1892இல் மகன் ஜாக் பிறந்தது கனடாவிலுள்ள லண்டன் நகரில். 1896 அளவில் எஃகு ஆலைகள் மிக்க யங்ஸ்டவுனில் கடை வைத்தனர். மூத்தவர் ஹாரி தந்தையிடமே செருப்புத் தைக்கக் கற்றார். இதற்கிடையில் குடும்பத்தின் பழம்பெயர் கரைந்து, 'வார்னர்' என்றாயிற்று. பெயர் படும் பாட்டை, பிற மாநிலப் பதிவேடுகளில் நம் முன்னெழுத்துகளைத் தேடிய நாம் நன்கறிவோம்!

திரைப்படம் காட்டும் கருவியொன்றை வாங்க, வீட்டுப் பொருள்களையும் அடகு வைத்தனர் என்பர். ஊரூராகப் படம் காட்டிய ஹாரி, ஆல்பர்ட், சாம், ஜாக் நால்வரும் 1923 ஏப்ரல் 4ஆம் நாள் வார்னர் சகோதரர் நிறுவனத்தைப் பதிவு செய்தனர்.

படத்திற்குக் குரல் வேண்டுமென முனைந்து நின்றவர் சாம். 'தி ஜாஸ் சிங்கர்' அம்முயற்சியின் கனி. தந்தையின் வழிபாட்டுப் பாடலுக்கும் மேடைப் பாட்டுக்கும் இடையே தவிக்கும் யூத இளைஞனின் கதை அது. 1927 அக்டோபர் 6ஆம் நாள் நியூயார்க்கில் அது முதன்முதலாகத் திரையிடப்பட்டது. முந்திய நாளே லாஸ் ஏஞ்சல்சில் சாம் இறந்துபட்டார், அகவை 40. உடன்பிறந்தார் மூவரும் அவ்வரங்கில் இல்லை.

பெஞ்சமின் 1935 வரை வாழ்ந்தார்.