மரம் யாருக்குச் சொந்தம்? நைஜர் நாட்டின் அனுபவம்

நைஜர் என்றதும் பலருக்கு நைஜீரியாதான் நினைவுக்கு வரும். இது வேறு நாடு. நைஜீரியாவுக்கு வடக்கே, சகாரா பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கிறது. 1960-ல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. இங்கே விளைநிலம் பாழாகிப் போனதில் ஒரு சட்டத்துக்கும் பங்கு உண்டு என்றால் ஆச்சரியமாக இருக்கும்.

1935-ல் பிரெஞ்சு ஆட்சி தன் மேற்கு ஆப்பிரிக்கக் காலனிகளுக்கு ஒரு வனச் சட்டம் கொண்டுவந்தது. சொந்த வயலில் தானாக முளைத்த மரத்தை வெட்டவும் வன இலாகாவின் அனுமதி வேண்டும். மீறினால் அபராதம். காட்டைக் காப்பதுதான் நோக்கம். ஆனால் நடந்தது நேர்மாறு. தனக்குப் பயன்படாத மரத்தை யார் வளர்ப்பார்கள்? வயலைச் சுத்தம் செய்யும்போதே துளிர்களை வெட்டி எறிந்தார்கள். விடுதலைக்குப் பிறகும் இதே நிலைதான் நீடித்தது.

1970களிலும் 1984-லும் கடும் வறட்சி வந்தது. மரமில்லாத வயல்களில் காற்று மணலை வாரிக்கொண்டு வந்து இளம் கம்புப் பயிரை மூடியது. ஒரே பருவத்தில் இரண்டு மூன்று முறை விதைக்க வேண்டியிருந்தது. அரசும் தொண்டு நிறுவனங்களும் மரக்கன்றுகளை நட்டன. அவற்றில் பெரும்பாலானவை பட்டுப்போயின.

அப்போது தெற்கே மராடி பகுதியில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் வேலை செய்துகொண்டிருந்தார். வயல்களில் புதர்போலத் தெரிந்தவை உண்மையில் வெட்டப்பட்ட மரங்களின் துளிர்கள் என்பதை 1983-ல் அவர் கவனித்தார். மண்ணுக்குள் வேர் உயிரோடு இருந்தது. நல்ல தண்டுகள் சிலவற்றை விட்டு மற்றதைக் கழித்துவிட்டால் சில ஆண்டுகளில் மரம். கன்றும் வேண்டாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாம். இதில் இருந்த ஒரே சிக்கல் பழைய சட்டம்தான். வளர்த்தபின் வன இலாகா வந்து உரிமை கொண்டாடினால்? மராடியில் அதிகாரிகள் கெடுபிடியைத் தளர்த்திய பிறகே விவசாயிகளுக்குத் துணிவு வந்தது. ஊர் ஊராக முறை பரவியது.

சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் இப்படி மரங்கள் திரும்பின என்று 2009-ல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஏறத்தாழ 20 கோடி மரங்கள். இவற்றில் முக்கியமானது காவோ மரம். மழைக்காலத்தில் இலை உதிர்ப்பதால் பயிருக்கு நிழல் கட்டுவதில்லை. உதிர்ந்த இலை உரமாகிறது. வறண்ட காலத்தில் அதன் நெற்றுக்காய் ஆடுமாடுகளுக்குத் தீவனம்.

சட்டம் மெதுவாகத்தான் பின்னால் வந்தது. 2004-ல் புதிய வனச் சட்டம் வந்தது. வயலில் மரம் வளர்க்கும் இந்த முறைக்கென்றே ஓர் அரசாணை வந்தது 2020-ல்தான்.

இதனால் நைஜரில் பசி ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2005-ல் மறுபடியும் உணவுப் பஞ்சம் வந்தது. ஆனால் அப்போது வயலில் மரம் வைத்திருந்தவர்களிடம் விற்பதற்கு விறகாவது இருந்தது. அதை விற்றுத் தானியம் வாங்கினார்கள். மரம் நடும் விழாக்களுக்குச் செலவிடும் அரசுகள், நட்ட மரம் நாளை யாருக்குச் சொந்தம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.