கடைச் சிப்பந்தியும் கணக்கேடும்



நாட்டின் வரலாற்றை எழுதுவோர் மன்னரையும் மந்திரிமாரையும் மறப்பதில்லை. ஆனால் பொழுது புலருமுன் எழுந்து கடையின் பலகைக் கதவுகளைக் கழற்றி வைத்த சிப்பந்தியை நினைப்போர் சிலரே. அவனுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனையே இன்று சிறிது நோக்குவோம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து, சிறப்பாகப் புங்குடுதீவு, வேலணை முதலிய தீவுப்பகுதிகளிலிருந்து, வணிகர் பலர் தென்னிலங்கை சென்று சுருட்டுக் கடைகளும் பலசரக்குக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் நடத்தினர். உதவிக்கு ஆள் வேண்டியபோது உறவினர் பிள்ளைகளையும் அயலவர் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்றனர். அப்பிள்ளைகள் கடையிலேயே உண்டனர், கடையிலேயே உறங்கினர். தொழில் பழகியபின் தாமே கடை வைத்து முதலாளியானோரும் உளர்.

இம்முறையின் பெருமை மறுத்தற்கரியது. நோயுற்றால் மருந்து வாங்கிக் கொடுப்பவரும், வீட்டில் நன்மை தீமை நேர்ந்தால் முன்பணம் தருபவரும் முதலாளியே. ஆயினும் அதன் குறையும் அப்பெருமைக்குள்ளேயே பொதிந்து கிடந்தது. மாமன் முறையானவரிடம் சம்பளக் கணக்கைக் கேட்பது எங்ஙனம்? ஓய்வு நாள் எதுவென வினவுவது மரியாதையாகுமா? முதலாளி நல்லவராயின் சிப்பந்தி வாழ்ந்தான். அல்லராயின் வாய்மூடி இருந்தான். உறவு உதவியைத் தந்தது, உரிமையைத் தரவில்லை.

உரிமையைத் தர முற்பட்டது சட்டம். 1938 ஆம் ஆண்டிலேயே கடைகளை ஒழுங்குபடுத்தும் கட்டளைச் சட்டம் ஒன்று பிறந்தது. அதனினும் விரிவானது 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம். நாளொன்றுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி என்பது வேலைக்கு வரம்பாயிற்று. கிழமைக்கு ஒன்றரை நாள் ஓய்வும், ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் விதிக்கப்பட்டன. வேலையின் நிபந்தனைகளை எழுத்தில் தருதலும் முதலாளியின் கடமையாயிற்று. மாமனிடம் வாய்விட்டுக் கேட்க நாணியதை இனி ஒரு கடதாசித் துண்டே சொல்லிவிடும்.

பின்னர் 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி தோன்றியது. ஊழியன் ஒருவனேயுள்ள சிறு கடையும் அதற்கு விலக்கன்று. இந்நாளில் ஊழியன் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கும், முதலாளி தம் பொருளிலிருந்து 12 பங்கும் செலுத்துதல் வேண்டும். 1980 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 பங்கு செலுத்துகிறார். முதலாளி மறைந்தாலும், மனம் மாறினாலும், கடையே மூடப்பட்டாலும் செலுத்திய பணம் சிப்பந்தியின் பெயரில் நிற்கும். முதலாளியின் பேரேட்டில் மாத்திரம் இருந்த கணக்குக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

எனினும் சட்டத்தின் கை எங்கும் நீள்வதில்லை. வேலைநீக்கத்துக்குத் தடைவிதித்த 1971 ஆம் ஆண்டின் சட்டமும், நெடுநாட் சேவைக்குப் பணிக்கொடை விதித்த 1983 ஆம் ஆண்டின் சட்டமும் 15 பேருக்குக் குறையாத ஊழியரை வைத்திருப்போரையே பெரிதும் நோக்கியவை. மூவரும் நால்வரும் வேலைசெய்யும் சிறு கடையின் வாசலில் அவை தயங்கி நிற்கின்றன. அவ்வாசலுக்கு அப்பால் காவல் நிற்பது முதலாளியின் மனச்சாட்சியே.

ஆதலால் சிறு வணிகம் நடத்துவோர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. சோறிட்டோம், இடங்கொடுத்தோம் என்பது சம்பளத்தையும் ஓய்வையும் குறைத்தற்குக் காரணமாகாது. சட்டப்படி அனைத்தையும் கொடுத்துவிட்டோம் என்பது நோயுற்ற ஊழியனை விசாரியாது விடுதற்கும் காரணமாகாது. கொடுக்கவேண்டியதைக் கணக்கிட்டுக் கொடுத்தபின் காட்டும் அன்பே அன்பாகும். அதற்கு முன் காட்டுவது கடனை மறைக்கும் திரையாகிவிடும். பழைய கடையின் பரிவும் புதிய சட்டத்தின் அளவும் ஒரே கூரையின்கீழ்க் கூடுமாயின், அங்கே முதலாளிக்கும் நட்டமில்லை, சிப்பந்திக்கும் தலைகுனிவில்லை.