ஆத்து வாளையும் லத்தீன் பெயரும்

எம். புதுப்பட்டியில் இருக்கும் அக்கா மகன் வீட்டுக்குப் பின்னால் நாலு சிமென்ட் தொட்டி கட்டி மீன் வளர்க்கிறான். பட்டாசு ஆலையில் வேலை இல்லாத மழை மாதங்களில் கைச்செலவுக்கு ஆகுமே என்று ஆரம்பித்தது. போன வாரம் போன் பண்ணினான்.

"மாமா, தொட்டில ஒட்டுறதுக்கு லேபிள் அடிக்கக் குடுத்திருக்கேன். மீன் பேருக்குக் கீழ அந்த ரெண்டு வார்த்தை லத்தீன் பேரையும் தமிழ்ல போடணும். விராலுக்கு சன்னான்னு போடவா, கன்னான்னு போடவா? சன்னான்னா கொண்டக்கடல மாதிரில்ல இருக்கு?"

சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அது கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குப் போன சொல். பழைய உச்சரிப்புப்படி 'கன்னா'தான் கிட்டத்தில் வரும். இங்கே கல்லூரியிலும் மீன் கடையிலும் எல்லோரும் சொல்வது சன்னா. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல ஆள் கிடையாது. விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்கென்று சர்வதேச விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. இப்போது நடப்பில் உள்ள நான்காம் பதிப்பு 1999-இல் வந்தது. எழுத்து ஒன்று மாறினாலும் விடாமல் பிடிக்கிற அந்தப் புத்தகம், வாயால் எப்படிச் சொல்வது என்பதற்கு விதி எதுவும் வைக்கவில்லை. லத்தீனைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் இல்லாமல் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. சிஸரோ என்று நாம் படிக்கிற பெயரை இத்தாலிக்காரர் 'சிச்செரோ' பாணியில் சொல்வார், ஜெர்மன்காரர் 'ட்ஸிட்ஸெரோ' என்பார், பழைய ரோமாபுரியில் 'கிகெரோ' என்றிருப்பார்கள். அவரவர் நாக்குக்கு வந்தபடிதான்.

இதை நான் தெரிந்துகொண்டது ரொம்பத் தாமதமாக. கல்லூரியில் விலங்கியல் செய்முறைத் தேர்வு. ஃபார்மலின் பாட்டிலில் வெளுத்துப்போன ஒரு வாளை மீன். பெயர் எழுதியாகிவிட்டது, வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். வீட்டில் வாளை என்றே பழகிய வாய். பதற்றத்தில் "வாளகோ ஆத்து" என்று வந்துவிட்டது. தேர்வாளர் சிரித்தார். "ஆத்துல பிடிச்சதா? வல்லாகோ அட்டு!" என்றார். படிப்பு முடிகிற வரைக்கும் நான் 'ஆத்து'தான். ஹாஸ்டல் மெஸ்ஸில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து வேறெதையோ தேடப்போய் அந்த மீனின் பெயர்க்கதை கண்ணில் பட்டது. அதற்குத் தரங்கம்பாடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் கையில். அங்கிருந்த லுத்தரன் மிஷனுக்கு 1771-இல் வந்து சேர்ந்தவர் கிறிஸ்டோஃப் சாமுவேல் யோன், ஜெர்மன்காரர். 1813-இல் இறக்கும்வரை இங்கேயேதான் இருந்தார். பள்ளிக்கூடம், பிரசங்கம் போக மீதி நேரமெல்லாம் மீன், சிப்பி, பாம்பு என்று சேகரிப்பு. நம் ஊர்ப்பக்கம் இருதலை மணியன் என்று சொல்லி அடித்துக் கொல்கிறார்களே, அந்த மண்ணுளிப் பாம்பின் லத்தீன் பெயரில் வருகிற 'ஜானியை' இவர்தான். மீன்களைச் சாராயத்தில் போட்டு பெர்லினுக்கு அனுப்புவார். வாங்கிக்கொண்டவர் மார்க்கஸ் எலியேசர் பிளாக் என்ற யூத மருத்துவர். ஜெர்மனும் லத்தீனும் வாலிப வயதில்தான் படித்தாராம். அப்படிப்பட்டவர் 1782 முதல் 1795 வரை 432 வண்ணப்படத் தகடுகளோடு உலக மீன்களைப் பற்றி எழுதி முடித்தார்.

யோன் மீனோடு அதன் ஊர்ப் பெயரையும் எழுதி அனுப்பினார். அந்த மிஷன்காரர்கள் 'மலபார் மொழி' என்று சொன்னது தமிழைத்தான். பிளாக் 1793-இல் இரண்டு மீன்களுக்கு லத்தீனில் 'புள்ளியுள்ளது', 'கோடுள்ளது' என்ற பொருளில் பெயர் வைத்தார். பிறகு 1801-இல் பாரிஸில் லசெபேட் என்பவர் அதே இரண்டு மீன்களுக்கும் ஊர்ப் பெயரையே இனப்பெயராக்கிவிட்டார். கோடுள்ளதன் எழுத்து: டபிள்யூ, ஆர், ஏ, ஹெச், எல். புள்ளியுள்ளதன் எழுத்து: கே, ஏ, ஆர், ஆர், யூ, டபிள்யூ, இ, ஒய்.

இங்கிலீஷ் படித்த கண்ணுக்கு முதலாவது 'ராஹ்ல்'. ஜெர்மன் வழக்கில் வாசித்துப் பாருங்கள். டபிள்யூ என்றால் வ. நடுவில் வரும் ஹெச் வெறுமனே நெடிலாக்கும். வ்ரால்! சந்தையில் மீன்கார அம்மா கூவுகிற அதே வ்ரால். இரண்டாவதில் இ-ஒய் என்பது ஐ. கர்ருவை. நாம் கொரவை என்கிறோமே, குறவை மீன், அதுதான். றகரத்துக்காகத்தான் இரண்டு ஆர் போட்டாரா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் போட்டிருக்கிறார். அதைப் பார்த்தபோது அவர்மேல் ஒரு பிரியம் வந்தது.

இரண்டு பெயரும் நிலைக்கவில்லை. முதலில் வைத்த பெயருக்கே உரிமை என்பது விதி. பிளாக் வைத்தது எட்டு வருஷம் முந்தியது. ஆகவே வ்ராலும் கர்ருவையும் இன்று பட்டியலில் செல்லாத பெயர்கள். பனையேறிக் கெண்டைக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். 1791 நவம்பரில் தரங்கம்பாடியில் டால்டோர்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், குளத்தங்கரைப் பனையில் ஐந்தடி உயரத்தில் அது ஏறிக்கொண்டிருந்ததைப் பிடித்ததாக எழுதினார். காக்கையோ பருந்தோ விட்டுப்போன மீனாக இருக்கும் என்று பின்னால் சொன்னவர்கள் உண்டு. அவர் 1797-இல் வைத்த லத்தீன் பெயருக்குப் பொருள் 'ஏறுகிறது'. ஆனால் பிளாக் 1792-லேயே 'ஆமை போன்றது' என்று வைத்துவிட்டார். பனையேறி போய் ஆமை நின்றது.

தப்பிப் பிழைத்தது வாளை. பிளாக் 1799-இல் இறந்துபோக, அவர் விட்ட வேலையை ஷ்னைடர் முடித்து 1801-இல் வெளியிட்டார். அதில் வருகிறது 'ஏ, டி, டி, யூ'. ஊர்ப் பெயரான ஆற்று வாளையின் முன்பாதி. இலக்கியத்தில் ஆற்று, வாயில் ஆத்து. இது தமிழ் மட்டுமே என்று சட்டையைத் தூக்கிவிட்டுக்கொள்ள முடியாது, மலையாளத்திலும் ஆற்றுவாளதான். முன்பெயர் பின்னால் வந்தது, அது தெலுங்கு 'வாலுக'விலிருந்து. ரோமன் எழுத்தில் நம்முடைய டகரத்துக்கும் தகரத்துக்கும் ஒரே எழுத்து, குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே எழுத்து. அந்த நாலெழுத்தை அட்டு, ஆட்டு, அத்து, ஆத்து என்று நாலு விதமாகப் படிக்கலாம். வகுப்பில் எல்லோரும் அட்டு என்று படித்தது இங்கிலீஷ் பாடப்புத்தகக் கண்ணால். நான் ஆத்து என்றது அறிவால் அல்ல, வாய் தவறி. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆக, லத்தீன் பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டால், அது யார் வாயிலிருந்து போனது என்று முதலில் பார்ப்பேன். கத்தாழை மீன் வகைக்கு பிளாக் நம் பாதிரியார் பெயரைத்தான் வைத்தார். ஜானியஸ் என்கிறார்கள். அந்த ஜெர்மன்காரர் யோன், ஆகவே யோனியஸ் என்பதுதான் நியாயம். தமிழ் வகுப்பில் சத்தமாகச் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம், அங்கே ஜானியஸே இருக்கட்டும். ஈ. ஜி. சைலஸ் 1954-இல் ஒரு கெண்டைக்குத் தாமிரபரணியின் பெயரை வைத்தார். 'டாம்ப்ராபார்னீ' என்று நாக்கைச் சுழற்ற வேண்டாம், ஆற்றின் பெயரைச் சொல்லிக் கடைசியில் ஒரு வால் ஒட்டினால் போதும். அந்த ஆற்றின் தலைப்பில் இருக்கும் கன்னிகட்டியின் பெயரிலும் 2003-இல் ஒரு மீன் வந்தது. அதை வெள்ளைக்காரர் நம்மிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

கன்னிகட்டி மீன் இப்போது இருக்கும் பேரினத்துக்கு 2012-இல் இலங்கையின் பெத்தியகொடவும் கூட்டாளிகளும் 'திராவிடியா' என்றே பெயர் வைத்தார்கள். 2010-லேயே ஒரு ஈக்கு அந்தப் பெயர் போயிருந்தது. மறுபடியும் பிந்திவிட்டோம். அடுத்த வருஷமே 'ஹலுதாரியா' என்று மாற்றினார்கள். கங்கை மீன்களைப் பற்றி 1822-இல் புத்தகம் போட்ட ஹாமில்டனுக்குப் படம் வரைந்த வங்காள ஓவியர் ஹலுதார். தன் பெயர் எங்குமே வராது என்றுதான் அந்த மனிதர் நினைத்திருப்பார்.

இவ்வளவையும் அக்கா மகனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "சரி மாமா, லேபிள்ல என்ன போட?"

"விரால்னு பெரிசா போடு. கீழ சின்னதா சன்னா ஸ்ட்ரியாட்டா. வாங்க வர்றவங்களுக்கு அந்தச் சத்தம்தான் பழக்கம்."

"அப்ப ஆத்து வாளைக்கு ஒரு லேபிள் அடிச்சு வைக்கவா? குஞ்சு கெடச்சா விடலாம்."

"லேபிள அடி. குஞ்சு விட்டுறாத. மத்த மீனையெல்லாம் ஒரே வாரத்துல முழுங்கிரும்."