மரக்கணக்கும் கரிமக்கணக்கும்: அந்தமானிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

நிறுவனங்களின் சூழலியல் அறிக்கைகள் இன்று கணினி படிக்கும் வடிவில் வெளிவருகின்றன. இதைப் பலரும் முற்றிலும் புதியதொரு நிகழ்வாகவே பேசுகிறார்கள். ஆனால் இயற்கையை எண்ணாக்கி, படிவத்தில் அடைத்து, தொலைவிலிருக்கும் ஒருவருக்கு அனுப்பும் வழக்கம் பழையது. அதன் போக்கைக் காண அந்தமான் நிக்கோபார் தீவுகள் நல்ல களம்.

அந்தமானில் வனத்துறை தொடங்கப்பட்ட ஆண்டு 1883. சாத்தம் தீவின் மர அறுவை ஆலையும் அதே ஆண்டைச் சேர்ந்தது. 1858இல் நிறுவப்பட்ட தண்டனைக் குடியேற்றத்திற்குக் கட்டட மரம் வேண்டியிருந்தது. பின்னர் படாக் மரம் கடல் கடந்து விலைபோயிற்று. ஆகவே காடு அரசின் ஏடுகளில் பெரும்பாலும் மரத்தின் கன அளவாகவும் வருவாயாகவுமே இடம்பெற்றது. ஏட்டைப் படிப்பவர் வருவாயைக் கேட்டார். ஏடும் அதற்கேற்பவே கோடிடப்பட்டது. அக்காட்டில் வாழ்ந்த ஜாரவா மக்களுக்கு அதில் பத்தி இல்லை.

விடுதலைக்குப் பின்னும் அலகு மாறவில்லை. தீப்பெட்டித் தொழிலும் ஒட்டுப்பலகைத் தொழிலும் தீவுகளில் வேரூன்றின. வேறு கேள்விகள் முறைப்படி கேட்கப்பட இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. உச்ச நீதிமன்றம் 2001இல் சேகர் சிங்கை ஆணையராக நியமித்தது. அவரது அறிக்கையை ஏற்று 2002 மே 7 அன்று பிறப்பித்த ஆணையில், பழங்குடி காப்பகங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் மரம் வெட்டுவதை நீதிமன்றம் தடை செய்தது. பிற காடுகளிலும் உள்ளூர் மக்களின் தேவைக்கு மட்டுமே இடமளித்தது. எவ்வளவு மரம் வெளியேறியது என்பதோடு, வெளியேறியதால் தீவுக்கு என்ன நேர்ந்தது என்றும் ஆணையர் கேட்டார். விடை மாறியதற்குக் காரணம் கேள்வி மாறியதே.

நிறுவனங்களின் நிலைத்தன்மை அறிக்கை என்னும் மரபும் ஒரு கடற்கரையில்தான் தொடங்கியது. 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் அலாஸ்காவில் தரைதட்டி எண்ணெய் கொட்டியது. அதே ஆண்டு அமெரிக்காவில் சீரிஸ் என்ற கூட்டமைப்பு நிறுவனங்களுக்கான சூழலியல் நெறிகளை முன்வைத்தது. அதன் முயற்சியில் 1997இல் ஜி.ஆர்.ஐ. எனப்படும் உலகளாவிய அறிக்கையிடல் அமைப்பு உருவானது. இந்தியாவில் 2011இல் தன்னார்வ வழிகாட்டு நெறிகள் வந்தன. செபி 2012இல் முதல் 100 பட்டியலிட்ட நிறுவனங்களிடம் வணிகப் பொறுப்பு அறிக்கை கேட்டது. 2021 மே மாதச் சுற்றறிக்கையின்படி அதன் இடத்தில் ‘வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை’ வந்தது. சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல் அது கட்டாயமாயிற்று. எக்ஸ்.பி.ஆர்.எல். என்னும் கணினி மொழியிலும் அதைப் பங்குச் சந்தைகளுக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

இம்மொழியில் ஒவ்வொரு எண்ணும் ஒரு குறிச்சொல்லைத் தாங்கி நிற்கும்: இது எதன் அளவு, எந்த அலகு, எந்த ஆண்டு, எந்த நிறுவனம் என்று. முன்பு நூறு அறிக்கைகளை ஒப்பிட நூறு கோப்புகளைப் புரட்ட வேண்டியிருந்தது. இன்று ஓர் ஆய்வு மாணவர் ஒரே மாலையில் ஒப்பிட்டுவிடலாம். சென்ற ஆண்டு சொன்னதை இந்த ஆண்டு ஓசையின்றி மாற்றுவதும் கடினம். இந்நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் இத்தரவில் அந்தமானைத் தேடினால் எளிதில் அகப்படாது. நெய்வேலியின் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை மின்கல சேமிப்புடன் அமைத்துள்ளது. பட்டியலிட்ட நிறுவனம் என்பதால் அது அறிக்கை தருகிறது. ஆயினும் படிவம் கேட்பது நிறுவனம் முழுவதற்குமான ஆற்றலையும் உமிழ்வையுமே. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிக் கூட்டுத்தொகையில் தீவின் 20 மெகாவாட் கரைந்துவிடும். மின்சாரக் கணக்கிலும் இதே நிலை. மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் உமிழ்வுக் காரணி தேசிய மின்கட்டமைப்பின் சராசரி; அந்தமான் அக்கட்டமைப்போடு இணைக்கப்படவே இல்லை. அங்குப் பெரும்பகுதி மின்சாரம் கப்பலில் வரும் டீசலை எரித்தே கிடைக்கிறது. ஒரு வங்கி தன் தீவுக் கிளைக்கும் தேசியச் சராசரியையே பயன்படுத்தினால், கிடைக்கும் எண் உண்மைக்கு அருகில்கூட இருக்கலாம். அந்த எண் சொல்லும் கதை மட்டும் வேறு ஊருடையது.

இடத்தின் முக்கியத்துவத்தைப் படிவம் அறியாமலும் இல்லை. காடு, சரணாலயம், கடலோர ஒழுங்குமுறை மண்டலம் போன்ற இடங்களில் அனுமதி வேண்டியிருக்கும் செயல்பாடுகளைத் தனியே குறிக்கச் சொல்கிறது. நீர்ப் பற்றாக்குறைப் பகுதிகளின் நீர்ப் பயன்பாட்டையும் இடவாரியாகக் கேட்கிறது. ஆனால் பட்டியலிட்ட நிறுவனங்களிடம் மட்டுமே கேட்கிறது.

இன்று இத்தீவுகளின் மிகப் பெரிய நில மாற்றம் பெரிய நிக்கோபாரில் திட்டமிடப்பட்டுள்ளது: துறைமுகம், விமான நிலையம், நகரம், மின் நிலையம். இதற்காக 130.75 சதுர கிலோமீட்டர் காட்டை மாற்றிப் பயன்படுத்த 2022 அக்டோபரில் முதற்கட்ட ஒப்புதலும், நவம்பரில் சூழலியல் அனுமதியும் வழங்கப்பட்டன. அனுமதி பெற்றது அந்தமான் நிக்கோபார் ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கழகம். அது அரசு நிறுவனம். பங்குச் சந்தையில் இல்லை. செபியின் படிவம் அதைத் தீண்டாது. அனுமதி நிபந்தனைகளைப் பற்றிய அரையாண்டு அறிக்கைகளை அமைச்சகத்திற்கு அது அளிக்க வேண்டும். இவ்வறிக்கைகளில் இடம் உண்டு. ஆனால் திட்டத்திற்குத் திட்டம் வேறுபடும் நிபந்தனைகளைப் பின்பற்றும் உரைநடை என்பதால், இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட இயலாது. வெட்டப்படக்கூடிய மரங்களைச் சூழலியல் தாக்க மதிப்பீடு ஏறத்தாழ 8.5 லட்சம் என்றது. 2023இல் மாநிலங்களவையில் தரப்பட்ட எண் 9.64 லட்சம். இரண்டையும் ஒரே குறிச்சொல்லின் கீழ் வைத்து, ஏன் வேறுபட்டன என்று கேட்கும் பொது ஏடு எதுவும் இல்லை.

இன்று நம்மிடம் இருவகைப் பதிவுகள் உள்ளன. முதலீட்டாளருக்கான தரவு ஒப்பிடத்தக்கது. அதில் ஊர் இல்லை. அனுமதிக்கான கோப்பில் ஊர் உண்டு, அது ஒப்பிடத்தக்கதன்று. இரண்டையும் இணைப்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. எக்ஸ்.பி.ஆர்.எல். மொழி ஓர் எண்ணை இடவாரியாகப் பிரித்துக் காட்டும் வசதியைப் பல ஆண்டுகளாகவே கொண்டிருக்கிறது. அவ்வசதியைக் கட்டாயமாக்குவதும், பட்டியலிடாத பெரும் திட்டங்களுக்கு அதை விரிப்பதும் ஒழுங்குமுறை அமைப்புகளின் முடிவைச் சார்ந்தவை.

சூழலியல் வரலாறு பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓர் அறிக்கையின் எண்களைச் சரிபார்ப்பதற்கு முன், அதன் பத்தித் தலைப்புகளைப் படியுங்கள். 1883இன் ஏட்டில் கன அளவு பிழையின்றி இருந்திருந்தாலும் ஜாரவா மக்கள் அதில் இடம்பெற்றிருக்க மாட்டார்கள். நாளை பெரிய நிக்கோபாரின் ஷோம்பென் மக்களைத் தேடி நம் தரவுத்தளங்களைத் திறக்கும் ஆய்வாளருக்கு என்ன கிடைக்கும் என்பது, இன்று நாம் வகுக்கும் பத்திகளைப் பொறுத்தது.