கறவைத் தொழிலும் இயந்திரமும் : வட்டுக்கோட்டையை முன்வைத்து ஒரு நோக்கு

1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். வானியலும் கணிதமும் இயற்கை விஞ்ஞானமும் அங்கே கற்பிக்கப்பட்டன. ஆயினும் அயல் வளவுகளில் நின்ற பசுக்கள் முன்போலவே கையாற் கறக்கப்பட்டன. இதனைப் பின்தங்கிய நிலையெனக் கொள்வது தவறாகும். அக்காலத்தில் அம்மிசனரிமாரின் தாயகத்திலும் கைக்கறவையே வழக்கிலிருந்தது. இயந்திரத்தை வரவழைப்பது அறிவு மட்டுமன்று, தேவையும் சூழலுமாகும். கறவை இயந்திரத்தின் வரலாறு இதனைத் தெளிவாக உணர்த்துகின்றது.

ஸ்கொட்லாந்தில் 1889இல் வில்லியம் மேர்ச்லண்ட் என்பவர் வெற்றிட விசையாற் பால் இழுக்கும் பொறியொன்றை அமைத்தார். இடைவிடாத இழுவை முலைக்காம்பைப் புண்படுத்தியது. கன்று உறிஞ்சுவதும் விடுவதுமாகப் பால் குடிப்பதைப் போன்று, விட்டு விட்டு இழுக்கும் துடிப்பு முறை 1890களில் புகுத்தப்பட்ட பின்னரே கறவைப் பொறி பசுவுக்கு ஏற்றதாயிற்று. கன்றிடமிருந்தே இயந்திரம் பாடங் கற்றது எனலாம்.

அடுத்த பெருமாற்றம் 1992இல் ஒல்லாந்தில் நிகழ்ந்தது. மனிதக் கை படாமலே கறக்கும் றோபோ அவ்வாண்டிற் பண்ணைக்கு வந்தது. பசு தான் விரும்பிய வேளையிற் கூண்டினுட் செல்லும். கழுத்துப்பட்டியிலுள்ள அடையாளக் கருவியால் அது இன்ன பசுவென அறியப்படும். தீனி கொடுக்கப்படும், பொறிக்கரம் காம்புகளைக் கண்டறிந்து கிண்ணங்களைப் பொருத்தும். பாலின் மின்கடத்துதிறனைக் கொண்டு மடிநோயின் அறிகுறியையும் அது உணர்த்தும். அங்கே கூலி உயர்ந்திருந்தது; குடும்பத்தினர் நாள்தோறும் இருவேளை தொழுவத்தோடு கட்டுண்டிருந்தனர். அவர்களை அத்தளையிலிருந்து விடுவிக்கவே அப்பொறி பிறந்தது. ஆனால் ஒரு பொறிக்கு ஏறத்தாழ 60 பசுக்கள் வேண்டும்.

வட்டுக்கோட்டையின் நிலைமை வேறு. இங்கு பெரும்பாலான வீடுகளில் நிற்பவை ஓரிரு பசுக்களே. அறுவடைக்குப் பின் வயல்வெளியில் மேய்ச்சல், கொட்டிலில் வைக்கோலும் கிழித்த பனையோலையும், கறவை வேளையிற் பிண்ணாக்கும் தவிடும் என்பதே அவற்றின் உணவு முறை. பால் வீட்டுக்குரியது, எரு தோட்டத்துக்குரியது. நாட்டுப் பசு பொதுவாகக் கன்று முட்டிய பின்னரே பால் சுரக்கும். கன்றின்றிச் சுரக்கும் கலப்பினப் பசுக்களே இயந்திரத்துக்கு இசைவானவை.

இவற்றினும் ஆழமான தடையொன்று அண்மைக்கால வரலாற்றில் உண்டு. 1990இற் போர் மீண்டும் மூண்டபோது தெற்கிலிருந்து குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் அற்றுப்போயிற்று. மின்விசையை நம்பிய தொழில்கள் முடங்கின. கையும் செம்பும் கொண்டு கறந்தவர் தொழில் முடங்கவில்லை. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் பெயர்ந்தபோது, மாடுகளைக் கட்டவிழ்த்துவிட்டுச் சென்றோர் பலர். 1996இல் மீண்டவர்கள் வெறுங் கொட்டில்களையே கண்டனர். கயிற்றை அவிழ்த்தால் பசு தன் உயிரைத் தானே தேடிக்கொள்ளும். இயந்திரத்தை அவ்வாறு அவிழ்த்துவிட இயலாது.

எனினும் இயந்திரம் இங்கு என்றும் வேண்டாப் பொருளே என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. இளையோர் புலம்பெயர, முதியோரின், சிறப்பாகப் பெண்களின், கைகளிலேயே கறவைச் சுமை தங்குகின்றது. மூட்டு நோவுற்ற விரல்களுக்கு விடையளிக்காத மரபுப் பற்று வெறும் பெருமைப் பேச்சாகிவிடும். இதற்கான வழியைக் குஜராத்தின் கைரா மாவட்டம் காட்டியுள்ளது. 1946இல் அங்கு தோன்றிய கூட்டுறவு, ஓரிரு மாடுகள் உடையோரின் பாலை ஊர்தோறும் திரட்டியே வளர்ந்தது. சேகரிப்பும் நியாய விலையும் முதலில் வந்தன. பெரும் பொறிகள் பின்னரே வந்தன.

ஆகவே, வட்டுக்கோட்டைக்கு முதலில் வேண்டுவது 60 பசுக்களுக்குரிய றோபோவன்று. பசுந்தீனி, மிருக வைத்தியம், பாலைக் குளிரூட்டிச் சேர்க்கும் நிலையம், சில வீடுகள் கூடிப் பயன்படுத்தத்தக்க சிறு வாளிக் கறவைப் பொறி ஆகியனவே அதன் படிகள். மின்சாரம் நின்ற நாளிலும் கறக்கத் தெரிந்த கை வீட்டுக்கொன்றாவது எஞ்சியிருத்தல் வேண்டும். இது பழமைப் பற்றன்று; பட்டறிந்த ஊரொன்றின் முன்னெச்சரிக்கையாகும்.