மிதவாதியும் தீவிரவாதியும்

ஒருவர் கூறும் கருத்தை மறுப்பதற்கு இரண்டு வழிகள் உள. ஒன்று, அக்கருத்தை எடுத்து ஆராய்ந்து அதன்கண் உள்ள பிழையைக் காட்டுதல். மற்றொன்று, கருத்தை அப்படியே விட்டுவிட்டுச் சொன்னவருக்கு ஒரு பெயர் சூட்டுதல். முன்னது உழைப்பை வேண்டுவது; பின்னது ஒரு நொடியில் முடிவது. ஆதலின், கட்சிப் பிணக்கு முற்றிய காலங்களில் எல்லாம் பின்னதே மலிந்து காணப்படும். அவ்வாறு சூட்டப்பட்ட இரண்டு பெயர்கள் நம் தேச சரித்திரத்தில் என்ன செய்தன என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1905ஆம் ஆண்டில் கர்ஸன் பிரபு வங்காளத்தை இரு கூறாகப் பிரித்தார். அதனால் எழுந்த கொதிப்பு காங்கிரஸ் மகாசபைக்குள்ளும் புகுந்தது. மனுக்களாலும் நியாய வாதத்தாலும் ஆங்கிலேயர் மனத்தை இளக்கிப் படிப்படியாக உரிமை பெறலாம் என்றனர் ஒரு சாரார். கோபால கிருஷ்ண கோகலே, பிரோஸ்ஷா மேத்தா, சுரேந்திரநாத் பானர்ஜி முதலியோர் இவர், சென்னையில் வி. கிருஷ்ணசாமி ஐயர் அப்பக்கத்தவர். மனுவினால் யாதும் விளையாது, அந்நியச் சரக்கை விலக்கிச் சுதேசியத்தை வளர்த்துத் தம் காலில் தாமே நிற்றல் வேண்டும் என்றனர் மற்றொரு சாரார். பாலகங்காதர திலகரும் விபினசந்திர பாலரும் இவர்க்குத் தலைவர். தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ. உ. சிதம்பரம் பிள்ளையும், கவி சுப்பிரமணிய பாரதியாரும் அவ்வழி நின்றோர். முன்னவரை மிதவாதிகள் என்றும் பின்னவரைத் தீவிரவாதிகள் என்றும் உலகம் அழைக்கலாயிற்று. பின்னவர் தம்மைப் புதிய கட்சியார் என்றே கூறிக்கொண்டனர். இக்காலத்தில் தீவிரவாதி என்னுஞ் சொல் ஆயுதம் ஏந்திக் கொலை புரிவாரைக் குறிப்பதாய்விட்டது. அக்காலத்தில் அது கருத்து வேற்றுமை பற்றி இட்ட கட்சிப் பெயரே.

இப்பெயர்கள் நிலையானவை அல்ல என்பதைத் திலகரே 1907ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கல்கத்தாவில் ஆற்றிய உரையில் விளக்கினார். நேற்றைத் தீவிரவாதி இன்றைய மிதவாதி ஆகின்றான், இன்றைய தீவிரவாதி நாளை மிதவாதி ஆவான் என்பது அவர் கருத்து. சுரேந்திரநாதரே இதற்குச் சான்று. அவர் 1883இல் ஓர் ஆங்கில நீதிபதியைத் தம் பத்திரிகையில் கண்டித்து எழுதியதற்காக இரண்டு மாதம் சிறையிருந்தவர். அன்று அஞ்சத்தக்கவராய்த் தோன்றிய அவரே, கால் நூற்றாண்டு கழியுமுன் மிதவாதிகளின் தலைவர் ஆயினார்.

1907 டிசம்பரில் சூரத் நகரில் மகாசபை கூடிற்று. முந்தைய ஆண்டில் கல்கத்தாவில் நிறைவேறிய சுயராஜ்யம், சுதேசியம், பகிஷ்காரம், தேசியக் கல்வி என்னும் நான்கு தீர்மானங்களையும் மிதவாதிகள் நழுவவிடுவர் என்று புதிய கட்சியார் ஐயுற்றனர். 26ஆம் தேதி, ராஷ் பிகாரி கோஷ் அவர்களைத் தலைவராக்க வழிமொழிந்து சுரேந்திரநாதர் எழுந்தபோது, கூச்சலிட்டு அவரைப் பேசவொட்டாது தடுத்தனர். சபை கலைந்தது. மறுநாள், தம் திருத்தத்தைக் கூற மேடையேறிய திலகருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அவரும் இறங்க மறுத்து நின்றார். அப்பொழுது பறந்து வந்த செருப்பு ஒன்று சுரேந்திரநாதர்மீதும் மேத்தாமீதும் பட்டது. நாற்காலிகள் வீசப்பட்டன, தடிகள் சுழன்றன, போலீசார் புகுந்து பந்தலை வெறுமையாக்கினர். அவ்விரு நாளும் நாவை அடக்கியவர் சர்க்கார் அல்லர், சபையோரே என்பதை நாம் மறத்தல் ஆகாது. ஒரு நாள் இவர் அவரைப் பேசவிடவில்லை. மறுநாள் அவர் இவரைப் பேசவிடவில்லை. பிறர் சொல்லைக் கேட்கும் பொறுமை அற்ற இடத்தில் பேச்சுரிமை வேர்கொள்வது யாங்ஙனம்?

இப்பிளவினால் பயன் கொண்டது அரசாங்கம். மிதவாதிகளை அணைத்துக்கொண்டு மற்றையோரைத் தனிமைப்படுத்தி அடக்குவது அதற்கு எளிதாயிற்று. அதற்குரிய கருவியும் கைவசம் இருந்தது. 1870இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 124ஏ என்னும் ராஜத்துரோகப் பிரிவே அது. அரசினிடம் அன்பின்மையை எழுப்புதல் குற்றம் என்பது அதன் சாரம். 1897இல் திலகர் வழக்கை விசாரித்த ஸ்ட்ரேச்சி என்னும் நீதிபதி, அன்பு இல்லாமையே அன்பின்மை என்று பொருள் கூறினார். செயலை அளக்க வேண்டிய நீதிமன்றம் நெஞ்சில் உள்ள அன்பை அளக்கப் புகுந்தது விந்தையன்றோ?

1908ஆம் ஆண்டு இவ்வனைத்தும் ஒருங்கே வெளிப்பட்ட ஆண்டு. விபினசந்திர பாலர் விடுதலையைக் கொண்டாடியதன் தொடர்பில் மார்ச்சு 12இல் சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே, பிள்ளையவர்களுக்கு ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனையும் விதித்தார். மேல் முறையீட்டில் அவை குறைக்கப்பட்டன. அதே ஜூலையில் பம்பாயில் திலகர் வழக்கு நடந்தது. முசபர்பூரில் எறியப்பட்ட வெடிகுண்டு பற்றிக் கேசரியில் எழுதிய கட்டுரைகளே குற்றமாயின. 1897இல் திலகருக்கு ஜாமீன் வேண்டி வாதாடிய தாவர் என்பவரே இப்போது நீதிபதி. ஜூரிமார் ஒன்பதின்மருள் எழுவர் குற்றவாளி என்றனர். இருவர் அன்று என்றனர். ஆறாண்டு தண்டனை பெற்றுத் திலகர் மாந்தளைக்கு அனுப்பப்பட்டார். மகாசபையின் முதற்கூட்டத்தில் முதல் தீர்மானத்தைக் கொணர்ந்தவரும் சுதேசமித்திரன் நிறுவியவருமாகிய ஜி. சுப்பிரமணிய ஐயரும் அவ்வாண்டில் கைதாயினார். பாரதியார் புதுவை சென்றார்.

இனி, மிதவாதிகள் செய்தது யாது என்று பார்ப்போம். 1910இல் அரசாங்கம் பத்திரிகைச் சட்டம் ஒன்றைக் கொணர்ந்தது. அச்சுக்கூடம் வைப்போர் பெருந்தொகையை ஜாமீனாகக் கட்ட வேண்டும். எழுத்துப் பிடிக்காவிடின் அதிகாரிகள் அதைப் பறிமுதல் செய்யலாம். கோகலே போன்ற தூய உள்ளத்தினரும் மனமொப்பாமலே இதற்கு இசைந்தனர். தீவிரவாதிகளுக்காக வந்த சட்டம் தம்மை என்ன செய்யும் என்று பலர் எண்ணியிருத்தல் கூடும். ஆயின் சட்டத்திற்குக் கண்ணில்லை. 1916இல் அன்னி பெசண்டு அம்மையாரின் ‘நியூ இந்தியா’ பத்திரிகை கட்டிய 2,000 ரூபாய் அதே சட்டத்தின்கீழ்ப் பறிமுதலாயிற்று. பின்னர் 10,000 ரூபாய் கேட்கப்பட்டது. அம்மையார் வெடிகுண்டு எறிந்தவர் அல்லர். சட்டவழியில் சுயாட்சி கேட்டவரே. அதனினும் வியப்பு ஒன்று உண்டு. கோகலேயைத் தம் அரசியல் குருவாகப் போற்றிய காந்தியடிகள், 1922 மார்ச்சு 18இல் ஆமதாபாத்தில் அதே 124ஏ பிரிவின்கீழ் ஆறாண்டு தண்டனை பெற்றார். நீதிபதி புரூம்பீல்டு அத்தண்டனைக்குத் திலகர் வழக்கையே அளவாகக் காட்டினார். மிதவாதியின் மாணாக்கருக்கும் தீவிரவாதியின் தலைவருக்கும் சட்டம் ஒரே சிறையை வைத்திருந்தது.

அற்றேல் பேச்சுக்கு எல்லையே வேண்டாவோ எனின், வேண்டும். முசபர்பூர் வெடிகுண்டு, குறி தவறி, யாதொரு குற்றமும் செய்யாத இரு பெண்களைக் கொன்றது. அக்கொலையையும், அக்கொலைக்கு நேரே ஏவுதலையும் பேச்சுரிமை என்று எவரும் கூறார். கொலைக்கு ஏவுதல் வேறு. கொலை ஏன் நிகழ்ந்தது என்று காரணம் ஆராய்தல் வேறு. இவ்விரண்டையும் வேறுபடுத்தாமையே 1908இல் நேர்ந்த பிழை. இவ்வேறுபாட்டை நம் நீதிமன்றங்களும் பின்னர் ஏற்றன. 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில், வன்முறைக்கோ பொதுக் குழப்பத்திற்கோ தூண்டும் சொல்லே இப்பிரிவின்கீழ்க் குற்றமாகும், அரசைக் கடுமையாகக் கண்டிப்பது மட்டும் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. 2022 மே மாதத்தில் அப்பிரிவின் நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் புதிய நியாயச் சட்டம் வந்தது. அதன் 152ஆம் பிரிவு, பெயர் மாறி வந்த பழைய பிரிவோ என்ற வாதம் எழுந்துள்ளது.

பிளவுற்ற காலத்திலும் வேறு வழி இருந்தது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. கிருஷ்ணசாமி ஐயர் மிதவாதி. அவரையும் அவர் கட்சியையும் ‘இந்தியா’ பத்திரிகையில் பாரதியார் கடுமையாகத் தாக்கியவர். ஆயினும் 1907இல் பாரதியாரின் தேசியப் பாடல்களைக் கேட்ட ஐயர், அவற்றைத் தம் செலவில் அச்சிட்டு ஆயிரக்கணக்கில் இலவசமாக வழங்கினார். தம்மைத் தாக்கிய நாவிலும் தமிழின் அழகையும் தேச பக்தியையும் அவர் கண்டார். கட்சியை மாற்றிக்கொள்ளவும் இல்லை. கவிஞரைப் பகைக்கவும் இல்லை.

இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளாத அரசு கெடும் என்பது வள்ளுவர் துணிபு. அது சபைகளுக்கும் கட்சிகளுக்கும் சங்கங்களுக்கும் ஒக்கும். மாறுபட்டவரை ஒரு பெயரிட்டு விலக்கத் தோன்றும்போதெல்லாம் சூரத்துப் பந்தலை நினைத்தல் நன்று. பிறர் நாவைக் கட்ட நாம் திரித்துக் கொடுக்கும் கயிறு, நம் நாவுக்கும் போதிய நீளம் உடையதாகவே இருக்கும்.