இரட்டைப் பூட்டு



சைபர் பாதுகாப்பு என்றதும் ஏதோ புதுக்காலத்துச் சங்கதி என்று நினைக்கிறோம். அதன் அடிப்படை நம் பழைய அலுவலகங்களிலேயே இருந்தது.

வெள்ளைக்காரர் காலத்திலிருந்து கருவூலக் காப்பறைக்கு இரட்டைப் பூட்டு. சாவிகள் இரண்டு பேரிடம் இருக்கும். இருவரும் வந்தால்தான் கதவு திறக்கும். பொதுத்தேர்விலும் வினாத்தாள் கட்டை மாணவர்களிடம் காட்டி, முத்திரை சரியாக இருக்கிறது என்று கையெழுத்து வாங்கிய பிறகே பிரிக்கிறோம். "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் ஒரே முறை. தினமும் செய்து செய்து அது பழக்கமாகிவிட்டது.

கணினி வந்ததும் அந்தப் பழக்கம் விட்டுப்போனது. காப்பறைச் சாவியை யாருக்கும் கொடுக்காத அதே மனிதர், பாஸ்வேர்டைத் துண்டுத்தாளில் எழுதி மேசையில் ஒட்டுகிறார்.

இதன் விலை என்ன? 2015 ஜனவரியில் வங்கதேச மத்திய வங்கி ஊழியர்களுக்கு, வேலை கேட்பதுபோல் மின்னஞ்சல்கள் வந்தன. அதைத் திறந்த வழியாகத் திருடர்கள் உள்ளே புகுந்து, ஓர் ஆண்டு காத்திருந்தார்கள். 2016 பிப்ரவரி 4 இரவு, சுமார் 95 கோடி டாலருக்குப் போலி உத்தரவுகள் பறந்தன. 8.1 கோடி டாலர் மணிலாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் தப்பியது. காரணம் ஓர் எழுத்துப்பிழை! 'ஃபவுண்டேஷன்' என்பதைத் தப்பாக எழுதியிருந்தார்கள். இடையிலிருந்த டாய்ச்சு வங்கி, பணத்தை நிறுத்தி விளக்கம் கேட்டது.

இரண்டே ஆண்டில் நம் கும்பகோணத்துக்கும் வந்தது. சிட்டி யூனியன் வங்கியிலிருந்து மூன்று போலிப் பரிமாற்றங்கள், ஏறத்தாழ 20 லட்சம் டாலர். 2018 பிப்ரவரி 7 அன்று வழக்கமான கணக்குச் சரிபார்ப்பின்போது தெரியவந்தது. அதில் துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டது. அங்கேயும் கைகொடுத்தது பழைய பேரேட்டுப் பழக்கம்தான்.

நம் கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டம். இன்று கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ இருக்கும் ஒரு பாட்டியின் உதவித்தொகையும், ஊரக வேலைத் திட்டக் கூலியும் யாரோ ஓர் ஊழியரின் கணினி வழியாகத்தான் போகின்றன. அந்த ஊழியரின் பாஸ்வேர்டு பிறர் கைக்குப் போனால், பணம் வராத காரணம்கூடப் பாட்டிக்குத் தெரியாது. கேட்க மலையிறங்கி வரவேண்டும்.

ஆண்டுக்கு ஒருநாள் பயிற்சி வைத்து, டீ கொடுத்து, வருகைப்பதிவில் கையெழுத்து வாங்கினால் போதாது. வாய்ப்பாடு ஒரே நாளில் வருமா? மாதாமாதம் பத்து நிமிடம் பேசினாலே போதும். அதிகாரி பெயரைச் சொல்லி அவசரமாகக் கேட்டாலும், தெரிந்த எண்ணில் திருப்பி அழைத்து உறுதிசெய்ய வேண்டும். அப்படிக் கேட்ட ஊழியரை அதிகாரி பாராட்ட வேண்டும். தவறான இணைப்பைத் தொட்டவர் உடனே சொன்னால் திட்டக்கூடாது. அடிக்கிற வாத்தியாரிடம் பிள்ளைகள் தப்பை மறைக்கும்; அலுவலகமும் அப்படித்தான்.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

உங்கள் அலுவலகத்தில் இப்போது எத்தனை பூட்டு? சொல்லுங்கள்.